வின்சன்ட் மகளுக்காக எடுத்த முடிவு

மெல்பேர்னின் டண்டினொங் தெற்கில் வாகன ரயர் அடுக்கி வைக்கும் களஞ்சியம் ஒன்றில் பதினாறு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வின்சன்டுக்கு ஹொக்கியைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை. ஆறு வருடத்துக்கு முன்னர் தெரிந்தது எதுவுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அதுவரை ஹொக்கி என்பது கொழும்பிலும் கண்டியிலும் பெரிய பள்ளிக்கூடங்களில் ஆடப்படுவது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். மன்னார்க் கரையில் பிறந்தவர்களுக்குக் காலால் உதைக்கும் பந்துதான் பந்து. மட்டையால் தட்டுவதெல்லாம் வேலையில்லாதவர்களின் வேலை.

மகள் டில்ஷா ஏழாம் வகுப்பில் நெட்போல் குழுவில் இடமில்லை என்று ஹொக்கிக்குத் தள்ளப்பட்டாள். முதல் நாள் பயிற்சிக்கு அவளைப் பிந்திக் கொண்டுபோய் விட்டதும் வின்சன்ட்தான். மற்றப் பிள்ளைகள் மட்டைகளை எடுத்து முடித்திருந்தார்கள். மிஞ்சியிருந்தது கோல்கீப்பரின் தலைக்கவசமும், கால்களில் கட்டும் பெரிய திண்டுகளும். அவள் அவற்றைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். அன்று வீட்டுக்கு வரும் வழியில் வின்சன்ட் மனம் உடைந்துபோனார். கோலே அடிக்காத ஆளை யார் படம் எடுப்பார்கள் என்று கேட்டார். ஆறு மாதத்தில் அவரே, ஹொக்கியில் பதினொரு பேர் ஆடினாலும் உண்மையில் ஆடுவது கோல்கீப்பர் ஒருவர்தான் என்று டண்டினொங் மீன் கடையில் நின்று விளக்கத் தொடங்கிவிட்டார்.

அவருடைய உழைப்பைக் குறை சொல்ல முடியாது. பிற்பகல் இரண்டு மணிக்குள் வீடு திரும்புவதற்காக விடியற்கால ஷிஃப்டுக்கு மாறினார். வாரத்தில் நான்கு நாள் மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனார். உலகத்திலேயே மோசமாக நாறும் பொருள் என்று சொல்லத்தக்க கோல்கீப்பர் கையுறைகளைத் தன் கையால் கழுவிக் காயவைத்தார். இதற்கெல்லாம் கைம்மாறாக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கோலுக்குப் பின்னால் நின்று தன் ஆலோசனைகளைச் சொல்லும் உரிமை. மூன்றாவது வருடம் ஹொக்கிக் கழகத்தின் செயலாளர் மிகவும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பெற்றோர் கோலுக்குப் பின்னால் நிற்பதைத் தவிர்க்கவும் என்று அதில் இருந்தது. பன்மையில் எழுதியிருந்தாலும் அங்கே நின்ற பெற்றோர் ஒருவர்தான். அந்த ஒருவர் அது வேறு யாருக்கோ என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்து நின்றார்.

வின்சன்டின் மனைவி பற்றிமா முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறாள். நாள் முழுவதும் எண்பது தொண்ணூறு வயதுக்காரரைத் தூக்கிக் குளிப்பாட்டி உடுப்பாட்டிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரைச் சமாளிப்பது பெரிய வேலையல்ல. அவர் சொல்வதில் பாதியை அவள் கேட்பதில்லை. மீதிப் பாதியைக் கேட்டும் கேளாதவள்போல இருப்பாள்.

கதை தொடங்கியது சிட்னியில். டில்ஷா பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்த ஜனவரியில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான போட்டி ஒன்று ஹோம்புஷில் நடந்தது. டில்ஷா குழுவோடு தங்கினாள். வின்சன்ட் லிட்கமில், பற்றிமாவின் ஒன்றுவிட்ட தம்பி சிறியின் வீட்டு சோபாவில் தங்கினார். அரையிறுதியில் டில்ஷா நான்கு பெனால்டி கோர்னர்களைத் தடுத்தாள். ஆட்டம் சமநிலையில் முடிந்து ஷூட் அவுட்டுக்குப் போனது. ஒவ்வொருத்தியாகப் பந்தோடு ஓடிவந்து எட்டு விநாடிக்குள் கோல்கீப்பரை ஏமாற்றி அடிக்க வேண்டும். எதிரணியில் மூன்று பேர் ஏமாற்றினார்கள். டில்ஷாவின் அணி தோற்றது.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வெயிலில் மூக்குச் சிவந்த உயரமான பெண் ஒருத்தி வந்து டில்ஷாவோடு கதைத்தாள். பெயர் சஸ்கியா. நெதர்லாந்தில் சிறிய ஊர் ஒன்றின் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். சிட்னியில் இருக்கும் அக்காவின் பிள்ளைகளைப் பார்க்க வந்தவள், பக்கத்தில் ஹொக்கி நடக்கிறதே என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். நடந்தது இவ்வளவுதான். அன்று மாலை லிட்கமில் சிறிக்குச் சொன்னபோது, சஸ்கியா நல்ல கோல்கீப்பர் தேடி ஒஸ்ரேலியா வந்தவளாகிவிட்டாள். மெல்பேர்ன் வந்து சேர்வதற்குள் அவள் டில்ஷாவைத் தேடியே வந்திருந்தாள்.

பெப்ரவரியில் மின்னஞ்சல் வந்தது. ஓகஸ்ட் நடுவில் அங்கே புதிய பருவம் தொடங்குகிறது, இரண்டாவது கோல்கீப்பராக வர விருப்பமா என்று சஸ்கியா கேட்டிருந்தாள். ஒரு குடும்பத்தோடு தங்க அறை, ஓட ஒரு சைக்கிள், கைச்செலவுக்குக் கொஞ்சம். ஏப்ரல் முடிவதற்குள் பதில் வேண்டும். ‘புரொஃபெஷனல்’ என்ற சொல் அந்த மின்னஞ்சலில் எங்கேயும் இல்லை. அதை வின்சன்ட் தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் ஊற்றும் இடத்தில், மகள் ஐரோப்பாவில் புரொஃபெஷனலாக ஆடப்போகிறாள் என்று பதினான்கு பேருக்குச் சொன்னார். பதினைந்தாவதாக நின்ற பாதிரியார் அவளுக்காகச் செபிப்பதாகச் சொன்னார்.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. டில்ஷா பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை ஒக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பரில் முடியும். ஓகஸ்டில் போவதென்றால் பரீட்சையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பதினெட்டு வயதும் நவம்பரில்தான் முடிகிறது. அதற்கு முன் எந்தக் கடதாசிக்கும் பெற்றோரில் ஒருவரின் கையெழுத்து வேண்டும். வின்சன்ட் வாழ்க்கையில் தன் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்தது இதுவே முதல் தடவை.

மெல்பேர்னில் எந்தத் தமிழ்த் தகப்பனும் இந்த இடத்தில் படிப்பு முதல் என்று சொல்லியிருப்பான். வின்சன்ட் வேறு மாதிரி. பத்தொன்பது வயதில் அவரைக் கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் ஒன்று கூப்பிட்டது. சோதனை எழுதிப்போட்டுப் போ என்றார் தகப்பன். சோதனை வருவதற்குள் போரில் கொழும்புப் பாதை பூட்டப்பட்டது. பாதை திறந்தபோது வின்சன்டுக்கு முப்பத்தொரு வயது, முழங்காலில் நோ. இந்தக் கதையை அவர் வீட்டில் நானூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் கழகம் கொஞ்சம் பெரிதாகி, இப்போது தேசிய அணிக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறது. காத்திருந்தால் கதவு பூட்டிவிடும் என்பது அவர் வாழ்க்கையில் கண்ட ஒரே உண்மை. அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனாலும் அவர் நாலு பேரைக் கேட்டுத்தான் முடிவெடுப்பவர். முதலில் கிளேட்டனுக்குப் போய்ப் பாலகிருஷ்ணனைக் கேட்டார். அவர் மலேசியாவின் ஈப்போக்காரர். மாணவராக வந்து, படித்த பல்கலைக்கழகத்திலேயே ஆய்வுகூடம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருப்பவர். பள்ளிக்கூட நாளில் ஹொக்கியில் இடது பக்கம் ஆடியவர். அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை என்றாலும் கருத்துச் சொல்வதை ஒருநாளும் நிறுத்தியதில்லை.

“இதுல யோசிக்கறதுக்கு என்னா இருக்கு லா, வின்சன்ட்,” என்றார் பாலகிருஷ்ணன். “பதினேழு வயசுல கூப்பிடறான்னா போயிடணும். பதினெட்டுல வேற ஒருத்திய கூப்பிடுவான்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்,” என்றார் வின்சன்ட். அதைச் சொல்லுவார் என்று தெரிந்துதான் அங்கே போயிருந்தார்.

இரண்டாவதாக இரத்தினசிங்கம் அங்கிள். மூன்று பிள்ளைகளையும் டொக்ரராக்கியவர் என்பதால் எந்த விஷயத்திலும் தீர்ப்புச் சொல்லும் தகுதி அவருக்கு உண்டு. “முதல்ல டிகிரியை முடிக்கட்டும், பிறகு ஒரு ரெண்டு வருஷம் வேலை செய்யட்டும். பேந்து விருப்பமெண்டால் போய் விளையாடட்டும்,” என்றார். அவர் கணக்கில் டில்ஷா இருபத்தைந்து வயதில் களமிறங்குவாள். வின்சன்ட் மிகவும் பணிவாக நன்றி சொல்லிவிட்டு, காரில் ஏறியதும் அவரை ஆலோசகர் பதவியிலிருந்து நீக்கினார்.

பற்றிமாவின் கருத்து மூன்று சொல்லில் முடிந்தது. “சோதனை எழுதிப்போட்டுப் போகட்டும்.” வின்சன்டின் காதில் அது அவருடைய தகப்பனின் குரலாகவே விழுந்தது. அதோடு அவளையும் நீக்கினார்.

கேட்காமல் விட்ட ஆள் ஒருத்திதான். அவள் பக்கத்து அறையில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் சஸ்கியா காணொளி அழைப்பில் வந்தாள். வின்சன்ட் சேர்ட் போட்டு, தலையை இழுத்துச் சீவி, மகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். டில்ஷாவுக்கு எது கஷ்டமாக இருக்கிறது என்று சஸ்கியா கேட்டாள். ஒன்றும் கஷ்டமில்லை என்றார் வின்சன்ட். வீட்டைவிட்டுத் தனியே இருந்திருக்கிறாளா என்று கேட்டாள். அவள் மிகவும் தைரியசாலி என்றார். சமைப்பாளா என்று கேட்டாள். விளையாட்டுக்காரரின் உணவைப் பற்றித் தான் நன்றாகப் படித்திருப்பதாகச் சொன்னார். சஸ்கியா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இனி டில்ஷாவோடு பத்து நிமிடம் தனியாகக் கதைக்கலாமா என்று கேட்டாள்.

வின்சன்ட் குசினிக்குள் போனார். பற்றிமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டிக் குழாயைப் பூட்டினார். பற்றிமா திறந்தாள். அவர் மறுபடியும் பூட்டினார். கதவுக்கு அப்பால் இரண்டு தடவை சிரிப்புக் கேட்டது. ‘எக்’ என்ற சொல் ஒருமுறை கேட்டது. முட்டைக்கும் ஹொக்கிக்கும் என்ன தொடர்பு என்று விளங்காமல் அவர் அந்தப் பத்து நிமிடத்தையும் கழித்தார்.

“என்ன கதைச்சனீங்கள்?” டில்ஷா வெளியே வந்ததும் கேட்டார்.

“அடுத்த வருஷம் வாறன் எண்டு சொன்னனான். அவவும் அதுதான் பெட்டர் எண்டு சொன்னவ. இடம் வைச்சிருக்கிறாவாம்.”

“ஏன்?”

“எக்ஸாம் இருக்கு. பிறகு ஷூட் அவுட்டில நான் முந்தி வெளிய வந்திடுறன், அதைத் திருத்த டைம் வேணும். எனக்கு முட்டை பொரிக்கவும் தெரியாது.” அவள் தோளைக் குலுக்கினாள். “ஐம் நொட் ரெடி, அப்பா. இட்ஸ் ஓகே.”

இதைவிடத் தெளிவாக ஒருத்தி சொல்ல முடியாது. ஆனால் வின்சன்டுக்கு வேறு மாதிரிக் கேட்டது. பிள்ளை பயப்படுகிறாள். வெள்ளைக்காரி நாகரிகமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அடுத்த வருடம் என்பது ஒருபோதும் வராத வருடம். தான் ஏதாவது செய்யாவிட்டால் இந்தப் பிள்ளையும் ஒருநாள் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்துகொண்டு கழகத்தின் கதையைப் பெரிதாக்கிக்கொண்டிருப்பாள்.

ஹொக்கி விஷயங்களுக்கென்று டில்ஷாவுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்து கொடுத்தவர் வின்சன்ட். அதன் கடவுச்சொல் அவருடைய கார் இலக்கம். ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பற்றிமா வேலையிலும் டில்ஷா நூலகத்திலும் இருந்தபோது, அவர் அந்த முகவரிக்குள் போய் மகளாக மாறினார். ‘அன்புள்ள சஸ்கியா, நான் குடும்பத்தோடு ஆழமாக யோசித்தேன். ஓகஸ்டில் வருவதற்கு முழுக்கத் தயாராக இருக்கிறேன். என் தகப்பனார் எனக்குப் பேராதரவு தருகிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். அதில் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. அனுப்பிவிட்டு, கையுறைகளைக் கழுவப் போனார்.

இரண்டு நாளில் சஸ்கியாவிடமிருந்து மகிழ்ச்சியான பதில் வந்தது. அதை அவர் வேறொரு கோப்புறைக்குள் தள்ளி வைத்தார். தகுந்த நேரம் பார்த்து மகளுக்குச் சொல்லலாம் என்பது திட்டம். தகுந்த நேரம் மூன்று வாரமாக வரவில்லை. பாலகிருஷ்ணனுக்குச் சொல்லத் தகுந்த நேரம் மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பயிற்சிக்குப் போகும் வழியில் மொனாஷ் நெடுஞ்சாலையில் விபத்து. கார்கள் அசையவில்லை. டில்ஷா பக்கத்துச் சீற்றில் இருந்து கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கை நின்றது.

“அப்பா, சஸ்கியா ஒரு படம் அனுப்பியிருக்கிறா.”

வின்சன்ட் முன்னால் நின்ற லொறியின் இலக்கத்தகட்டை மிகவும் கவனமாகப் படித்தார்.

“இதுதான் உன்ரை றூம் எண்டு எழுதியிருக்கிறா. சைக்கிள் பின்னால நிக்குதாம். ஓகஸ்டில வாறது சந்தோஷமாம்.” அவள் திரும்பிப் பார்த்தாள். “ஆர் எழுதினது?”

லொறி அசையவில்லை. இறங்கி ஓடுவதற்கு நெடுஞ்சாலையில் இடமும் இல்லை.

“நான் உன்ரை நன்மைக்குத்தான்…”

“நான் மாதிரி எழுதினனீங்களோ? என்ரை பேரில?”

“ஓம்.”

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் வின்சன்டுக்குப் பயத்தைக் கொடுத்தது. சஸ்கியாவுக்கு உடனே அழைப்பெடுத்தாள். நெதர்லாந்தில் காலை நேரம். டில்ஷா ஆங்கிலத்தில் நடந்ததை அப்படியே சொன்னாள்: அந்தக் கடிதம் நான் எழுதியதல்ல, என் அப்பா எழுதியது, நான் அடுத்த வருடம்தான் வருவதாக இருந்தேன். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்றும் சொன்னாள். பிறகு சஸ்கியா ஏதோ சொல்ல, டில்ஷாவின் முகம் மாறியது.

அழைப்பு முடிந்ததும் சொன்னாள்: “ஆர்ஜென்டினாவில ஒரு கோல்கீப்பருக்கு அந்த இடத்தைக் குடுத்திருந்தவவாம். நான் வரேல்லை எண்டு சொன்னபடியால். உங்கட ஈமெயில் வந்தவுடன அந்தப் பிள்ளைக்கு சொறி சொல்லி நிப்பாட்டிப்போட்டாவாம். அந்தப் பிள்ளை வேலையையும் விட்டிட்டுதாம், அப்பா.”

வின்சன்டின் திட்டத்தில் ஆர்ஜென்டினாப் பெண் ஒருத்தி இருக்கவேயில்லை. அவர் கணக்கில் பூட்டும் கதவுகளும் திறக்கும் கதவுகளும் இருந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்கலாம் என்பது அன்றுதான் அவருக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து டில்ஷா அவரோடு காரில் ஏறவில்லை. குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள கோல்கீப்பர் பையை இழுத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் ட்ராமிலுமாகப் போனாள். முதல் நாள் வின்சன்ட் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் காரை ஓட்டிப்போனார். ஒவ்வொரு தரிப்பிலும் பஸ் நிற்க அவரும் நின்றார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் தங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள். ரயில் நிலையம் வந்ததும் அவருடைய துப்பறிதல் முடிந்தது. ரயிலுக்குப் பின்னால் கார் ஓட்ட இன்னும் யாரும் பாதை போடவில்லை.

நான்காம் நாள் பற்றிமா குசினிக் கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“இஞ்சருங்கோ, நான் ஒண்டு சொல்லட்டோ?”

“நான் பட்டது பிள்ளை படக்கூடாதெண்டுதான் செய்தனான். அந்தக் கிளப் என்னைக் கூப்பிட்ட நேரம்…”

“அந்தக் கிளப்பில ஒருத்தன் செங்கமாரி வந்து படுத்திட்டான். அதாலதான் உங்களைக் கூப்பிட்டவங்கள். அதுவும் ரெண்டு மட்ச்சுக்கு. உங்கட கொண்ணன் கலியாண வீட்டிலேயே எனக்குச் சொல்லிப்போட்டார்.”

இருபத்துநான்கு வருடமாக அவள் இதைத் தெரிந்துகொண்டே நானூறு தடவை கேட்டிருக்கிறாள். வின்சன்ட் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவினார்.

“அது எனக்கும் தெரியும்,” என்றார் கடைசியில்.

“அப்பிடியெண்டால் அந்த சஸ்கியாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. உங்கட பேரில.”

கடிதம் எழுத நான்கு பின்னேரம் பிடித்தது. முதல் பிரதி மூன்று பக்கம். அதில் மன்னாரின் உதைபந்தாட்ட வரலாறு, போர், முழங்கால், தன் விடியற்கால ஷிஃப்ட் எல்லாம் வந்தன. மன்னிப்பு மட்டும் வரவில்லை. பற்றிமா வாசித்துவிட்டுப் பேனையால் இரண்டு பக்கத்தைக் கோடிட்டாள். இரண்டாம் பிரதியில் மன்னிப்பு வந்தது. ஆனால் பாதிப் பழி பாலகிருஷ்ணனின் தலையில் விழுந்திருந்தது. அதையும் கோடிட்டாள். நான்காம் நாள் மிஞ்சியது ஐந்து வரி. மகளின் பெயரில் பொய் எழுதியது தான் என்றும், அவளுக்கு அது தெரியாதென்றும், அந்த ஆர்ஜென்டினாப் பெண்ணிடம் தன் மன்னிப்பைச் சொல்ல முடியுமானால் சொல்லவும் என்றும் எழுதியிருந்தார். வின்சன்ட் தன் வாழ்நாளில் எழுதியவற்றில் மிகச் சிறியது அது. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே போய், ஏற்கெனவே கழுவிய காரை மறுபடியும் கழுவினார்.

பதில் மூன்று வரியில் வந்தது. அந்தப் பெண் இன்னும் வேறெங்கும் சேரவில்லை, அவளையே எடுத்துக்கொண்டோம். கடிதத்துக்கு நன்றி. அடுத்த வருடத்துக்கு எந்த வாக்குறுதியும் தர முடியாது, ஜனவரியில் புதிதாகப் பார்ப்போம். கடைசி வரியை வின்சன்ட் பல தடவை வாசித்தார். வாசிக்க வாசிக்க அது மாறவில்லை.

மகளுக்கு அடுத்த வருடத்துக்குக் கிடைத்திருந்த உறுதியான இடத்தை அவளுக்கு உதவி செய்தே இல்லாமலாக்கியிருந்தார். களஞ்சியத்தில் பத்து அடுக்கு ரயரைச் சாய்த்தாலும் இவ்வளவு துப்புரவாகச் சாய்த்திருக்க முடியாது. டில்ஷாவிடம் பதிலைக் காட்டியபோது அவள் வாசித்துவிட்டு, “ஃபெயர் இனஃப்,” என்றாள். பிறகு தன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டதாகவும் சொன்னாள்.

பூசைக்குப் பிறகு தேநீர் குடிக்கும் இடத்தில் ஐரோப்பா எப்போது என்று கேட்டவர்களுக்கு வின்சன்ட் புதுப் புது விளக்கம் சொன்னார். விசா தாமதம் என்றார். அங்கே குளிர் கூட என்றார். இரத்தினசிங்கம் அங்கிள் மட்டும் தன் ஆலோசனைதான் வென்றது என்று எடுத்துக்கொண்டு, அவர் தோளில் தட்டினார். அதையும் வாங்கிக்கொண்டார்.

ஜூலையில் டில்ஷா மறுபடியும் காரில் ஏறினாள். மன்னித்துவிட்டாள் என்று வின்சன்ட் நினைத்தார். பையின் சில்லு உடைந்துவிட்டது என்பதுதான் காரணம். ஆனாலும் ஏறினாள். வின்சன்ட் இம்முறை கோலுக்குப் பின்னால் போகாமல், வேலிக்கு வெளியே மற்றத் தகப்பன்மாரோடு நின்றார். அங்கே நின்று பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஷூட் அவுட் பயிற்சியில் டில்ஷா உண்மையாகவே முந்தி வெளியே வந்தாள். ஆறு வருடம் பின்னாலிருந்து பார்த்தவருக்கு அது தெரிய வழியில்லை. அதுவும் பின்னாலிருந்து ‘வெளிய வா, வெளிய வா’ என்று கத்திக்கொண்டிருந்தவருக்கு.

செப்டெம்பர் முழுவதும் அவள் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் அரைமணி நேரம் நின்று அதை மட்டும் செய்தாள். பந்தோடு ஒருத்தி ஓடிவருவாள். டில்ஷா ஒரு விநாடி பொறுப்பாள். பிறகு நகர்வாள். அந்த ஒரு விநாடி வின்சன்டுக்கு நெஞ்சு வலிக்கும்படி நீளமாக இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியபடி நின்றார். பத்துக்கு ஐந்து என்றிருந்தது, பத்துக்கு எட்டு தடுக்கத் தொடங்கினாள்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே சமைத்தாள். முதல் முட்டையில் கோது இருந்தது. இரண்டாவதில் கரி இருந்தது. விளையாட்டுக்காரரின் உணவைப் பற்றி நன்றாகப் படித்திருந்த தகப்பனார் இரண்டையும் சாப்பிட்டார்.

நவம்பரில் பரீட்சை முடிந்தது. துணைமருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதை ஒரு வருடம் தள்ளிப்போட்டாள். ஜனவரியில் சஸ்கியா மூன்று ஆட்டங்களின் ஒளிப்பதிவைக் கேட்டாள். எந்த மூன்று என்று வின்சன்டுக்குத் திடமான கருத்து இருந்தது. டில்ஷா கேட்கவில்லை. தோற்ற ஆட்டம் ஒன்றையும் சேர்த்தே அனுப்பினாள். பெப்ரவரி நடுவில் பதில் வந்தது. அன்று அவர் ஷிஃப்டில் இருந்தார். மதிய இடைவேளையில் கைபேசியைப் பார்த்தபோது மகளிடமிருந்து இரண்டு சொல் இருந்தது: ‘கொட் இட்.’ ரயர் அடுக்குகளுக்கு நடுவில், ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மேற்பார்வையாளர் வந்து வண்டியில் ஏதாவது பழுதா என்று கேட்டார். கண்ணுக்குள் தூசி என்றார் வின்சன்ட். அந்தக் களஞ்சியத்தில் அது நம்பத்தக்க பதில்தான்.

ஓகஸ்டில் டில்ஷா தனியே போனாள். இம்முறை கையெழுத்து அவளுடையது. போனபிறகுதான் தெரியவந்தது, அந்த அணியில் புரொஃபெஷனல் என்று ஒருத்தியும் இல்லை. முதல் கோல்கீப்பர் பள்ளி ஆசிரியை. அணித்தலைவி பல் வைத்தியரிடம் வேலை செய்பவள். டில்ஷாவும் காலையில் பேக்கரி ஒன்றில் பாண் அடுக்குகிறாள். அடுக்குவது வின்சன்ட் குடும்பத்தின் பரம்பரைத் தொழில் போலிருக்கிறது என்று பற்றிமா சொன்னாள். வின்சன்ட் அதைக் கேட்கவில்லை, அல்லது கேளாதவர்போல இருந்தார்.

முதல் ஆறு வாரம் டில்ஷா மாற்று ஆட்டக்காரராக வெளியில் உட்கார்ந்திருந்தாள். ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அழைப்பெடுத்தாள்.

“அப்பா, டீச்சருக்குக் கைவிரல் முறிஞ்சிட்டுது. ஞாயிறு நான்தான் கோல்.”

“ஆர் கேட்டது? சஸ்கியாவோ? என்ன சொன்னவ?”

“மட்ச் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ப்ளீஸ். எனக்கு டென்ஷனாயிருக்கு. உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான், அம்மாவுக்குக் கூடச் சொல்லேல்லை.”

“சரி பிள்ளை,” என்றார் வின்சன்ட்.

இதுவரை அவரிடம் தங்கிய இரகசியம் எதுவும் கிடையாது. புதன்கிழமை மீன் கடையில் இரண்டு தெரிந்த ஆட்களைச் சந்தித்தார். விளைமீனின் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை பாலகிருஷ்ணன் அழைத்து, மகளை இன்னும் இறக்கவில்லையா, அப்பவே போயிருந்தா இப்ப கேப்டன் லா என்று சொன்னார். வின்சன்ட் “ஓமோம்” என்றார். ஞாயிறு பூசைக்குப் பிறகு, நெதர்லாந்தில் ஆட்டம் தொடங்க இன்னும் பல மணிநேரம் இருக்க, தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, இரத்தினசிங்கம் அங்கிளுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றார். மழையைப் பற்றியும், தொழிற்சாலைப் பக்கம் புதிதாகப் போட்ட வீதிச் சந்தியைப் பற்றியும் மட்டும் கதைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் பற்றிமா அவரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது, கையை நீட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சலோ?” என்றாள்.

“இல்லை,” என்றார் வின்சன்ட். விளக்கு பச்சையாக மாறியது.